தும்பி கேட்கிற விதம்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் காலையில் உள்ளே வருவதைச் சுவரோரம் நின்று பார்ப்பவர்களுக்கு அது ஏதோ தானாக நடப்பது போலத் தெரியும். உண்மையில் அதற்குப் பின்னால் நிறைய ஏற்பாடு இருக்கிறது. பை மாட்டும் கொக்கிகள் பெரியவர்களின் இடுப்புயரத்தில்தான் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பிள்ளை எம்பும், எம்பினால் பின்னால் நிற்பவனின் மூக்கில் பை இடிக்கும், அன்றைய முதல் அழுகை அங்கேயே தொடங்கிவிடும். ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் ஒரு படம் ஒட்டியிருக்கிறேன்: குடை, ஆமை, சாவி. பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும், படத்தைக் கண்டுபிடிக்க ஆகாது. கொக்கியைத் தாண்டியதும் சாப்பாட்டு டப்பா வைக்கும் அலமாரி. அதைத் தாண்டியதும் உட்காரும் கம்பளம். எல்லோரும் ஒரே திசையில் நகர்ந்தால் யாரும் யாரோடும் முட்டிக்கொள்ள மாட்டார்கள். இந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த ஓட்டத்தில் ஒரு பிள்ளை மட்டும் தனியாகத் தெரிந்தாள். தும்பி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த செல்லப் பெயர். பள்ளியிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

"பையை மாட்டிட்டு, டப்பாவை அலமாரில வச்சிட்டு, கம்பளத்துல வந்து உக்காருங்க" என்று வாசலில் நின்று சொல்வேன். மற்றவர்கள் மாட்டி, வைத்து, உட்காருவார்கள். தும்பி பை முதுகிலும் டப்பா கையிலுமாக நேரே போய்க் கம்பளத்தில் உட்கார்ந்து என்னைப் பார்ப்பாள். அடமும் கிடையாது, குறும்பும் கிடையாது. சொன்னதைச் செய்து முடித்த நிம்மதிதான் அந்த முகத்தில் இருக்கும். "புத்தகத்தை மூடிட்டு, பென்சிலை டப்பாக்குள்ள போட்டுட்டு, வரிசைல நில்லுங்க" என்றால் திறந்த புத்தகத்தை விட்டுவிட்டு, பென்சிலைக் கையில் பிடித்தபடி வரிசையில் நிற்பாள். அதுவும் முதல் ஆளாக.

இது தலைமை ஆசிரியையின் காதுக்குப் போயிற்று. பிள்ளைகள் அவரைப் பெரிய மிஸ் என்பார்கள். நாங்களும் அவர் இல்லாதபோது அப்படித்தான் சொல்வோம். நல்ல மனுஷி. குரல் மட்டும் மூன்று வகுப்புக்கு அப்பாலும் கேட்கும். அவர் தும்பியின் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். என்னையும் உட்கார வைத்தார்.

தும்பியின் அம்மா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். விரல் இடுக்குகளில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது.

"குறை சொல்லக் கூப்பிடலம்மா" என்று பெரிய மிஸ் தொடங்கினார். "புள்ளைக்கு சொல்றது ஏறல. இப்படியே விட்டா எழுத்து, கணக்கு எல்லாமே பின்தங்கிப் போயிடும். மழலையர் வகுப்புல இன்னும் ஒரு வருஷம் உக்காரட்டும்."

"காதைக் காட்டியாச்சு மிஸ். பாம்புக் காதுன்னு டாக்டர் சொல்றாரு."

"காது கேக்குறது வேற, சொன்னதக் கேக்குறது வேறம்மா."

அம்மா கைகளை மடியில் கோத்துக்கொண்டார். "அந்த வகுப்புல அவ தம்பி இருக்கான் மிஸ்."

"இருந்தா துணையாச்சு."

"துணை இல்லீங்க. வீட்டுல அவதான் அவனுக்கு டீச்சர். பல்லு விளக்க, செருப்பு மாட்ட, எல்லாம் அவதான் சொல்லிக் குடுத்தா. அவன் பக்கத்துலயே கொண்டுபோய் உக்கார வச்சா, அப்புறம் அவ யாருக்கும் எதுவும் சொல்லித் தர மாட்டா. எனக்கு அவளத் தெரியும்."

நான் இந்த மாதக் கடைசிவரை அவகாசம் கேட்டேன். ஏன் கேட்டேன், என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பெரிய மிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சரி. மாசக் கடைசில நானே வருவேன். நானே சொல்லுவேன். அவ செய்யுறாளான்னு பாப்பேன். நீங்க பின்னாடி நிக்கணும், கண்ணால கூட ஜாடை காட்டக் கூடாது."

ஒரு பொருள் வேலை செய்யவில்லை என்றால் அது எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தும்பியின் காதில் விழுகிறது. கையும் காலும் ஓடுகின்றன. நடுவில் எங்கேயோ பாதி தொலைகிறது. அப்படியானால் மற்றப் பிள்ளைகளிடம் ஏன் தொலையவில்லை? அவர்களிடம் இருப்பது என்ன?

மறுநாள் எல்லோரையும் கம்பளத்தில் உட்கார வைத்து, கண்களை இறுக மூடச் சொன்னேன். விளையாட்டு என்றதும் சந்தோஷமாக மூடிக்கொண்டார்கள். "ஒரு கையைத் தலைல வச்சிட்டு, இன்னொரு கையால மூக்கைத் தொட்டுட்டு, நாக்கை நீட்டுங்க" என்றேன்.

வகுப்பு முழுக்க நாக்குகள். தலையில் கை வைத்தவர்கள் மிகச் சிலர். ஒருவன் இரண்டு கைகளாலும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தான். இரண்டு பேர் விரல் இடுக்கு வழியாக அடுத்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வக்கீல் என்று நாங்கள் அழைக்கும் பையன் கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கினான்.

"மிஸ், நாக்கை நீட்டுனா மரியாதை இல்லன்னு எங்க அம்மா சொல்லிருக்காங்க. இப்ப யாரு சொல்றதக் கேக்குறது?"

"இன்னிக்கு மட்டும் நீட்டுப்பா. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஒன்று புரிந்தது. நான் சொல்வதை வகுப்பில் நாலைந்து பேர்தான் கேட்கிறார்கள். மற்றவர்கள் அந்த நாலைந்து பேரைப் பார்த்துச் செய்கிறார்கள். முன்னேர் போன வழியே பின்னேர். கண்ணைத் திறந்து வைத்திருக்கும்வரை எல்லாப் பிள்ளைகளும் கேட்டு நடப்பவர்களாகத்தான் தெரிவார்கள். தும்பிக்கு மட்டும் அந்த வழி தெரியவில்லை. நான் பேசும்போது அவள் என் முகத்தைப் பார்க்கிறாள், பக்கத்துப் பிள்ளையைப் பார்ப்பதில்லை. பேசுகிறவரைப் பார் என்பது நான் சொல்லிக் கொடுத்த விதிதான். அதை அச்சுப் பிசகாமல் கடைப்பிடித்தவள் அவள் ஒருத்திதான், அதனால் மாட்டிக்கொண்டவளும் அவள்தான்.

இன்னொன்றும் புரிந்தது. குடத்துத் தண்ணீரைச் சின்ன வாய்ப் பாட்டிலில் அப்படியே கவிழ்த்தால் பெரும்பகுதி வெளியேதான் போகும். நான் மூன்று வேலைகளை ஒரே மூச்சில் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் விழுந்தது மட்டும் உள்ளே தங்கியது.

ஆக, நோய் தெரிந்துவிட்டது. மருந்து கிடைத்த இடம் ஆஸ்பத்திரி. இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அங்கேதான். என் நாத்தனார் நர்ஸ். எங்களோடுதான் இருக்கிறாள். ஒரு நாள் வீட்டுச் சாவியைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். பூட்டின கதவைப் பார்த்துவிட்டு நான் அவள் வார்டுக்குப் போனேன். மேசை முன் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இருங்கள் என்று விரலைக் காட்டினாள்.

"சொல்லுங்க டாக்டர்... பழைய மருந்தை நிறுத்திடணும். புதுசு பாதி அளவு. மெதுவா ஏத்தணும். சரிங்களா டாக்டர்?" என்றாள். பிறகு போனைக் காதில் வைத்தபடியே அசையாமல் நின்றாள். மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். அதன் பிறகுதான் போனை வைத்துவிட்டு நகர்ந்தாள்.

"எதுக்கு அவர் சொன்னதையே அவர்கிட்ட சொல்ற?" என்று கேட்டேன்.

"அதுதான் அண்ணி முறை. அவர் சொல்லுவாரு. நான் திருப்பிச் சொல்லுவேன். அவர் அதைக் கேட்டு சரின்னு சொல்லுவாரு. அதுக்கப்புறம்தான் கை நகரும்."

"அவர் சரின்னு சொல்லலன்னா?"

"நகராது. முறைச்சாலும் நகராது."

"கிளிப்பிள்ளை மாதிரி இருக்கே."

"கிளி சரியான்னு கேக்காது அண்ணி" என்று சொல்லிச் சாவியை என் கையில் திணித்தாள். "டீச்சருங்களுக்கு இதெல்லாம் எங்க புரியும். நீங்க சொன்னா சொன்னதுதான். அண்ணனைக் கேட்டாத் தெரியும்."

கிண்டலை வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து அவள் சொன்னதைப் பிரித்துப் பார்த்தேன். சொல்வது ஒரு பாதை. திருப்பிச் சொல்வது வந்த வழியே மறுபடி போய்ப் பார்க்கும் பாதை. வழியில் எது விழுந்திருந்தாலும் அப்போது தெரிந்துவிடும். சரி என்ற சொல் பூட்டைத் திறக்கும் சாவி. இதில் இன்னொரு அழகும் உண்டு. திருப்பிச் சொல்லும்போது பிள்ளையின் வாய் பேசுவதை அதே பிள்ளையின் காது கேட்கிறது. ஒரு செய்தி ஒரே தலைக்குள் இரண்டு முறை நுழைகிறது, செலவே இல்லாமல்.

வகுப்பில் அதைப் புது விளையாட்டாகத் தொடங்கினேன். நான் சொல்வேன். நீங்கள் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு திருப்பிச் சொல்வீர்கள். நான் சரி என்பேன். அப்புறம்தான் கை நகரும். முதல் இரண்டு நாள் சந்தைக்கடை. சிலர் நான் முடிப்பதற்குள் திருப்பிச் சொன்னார்கள், சிலர் சரி என்பதையும் திருப்பிச் சொன்னார்கள். வக்கீல் எழுந்து, "நீங்க தப்பா சொல்லிட்டு சரின்னு சொன்னா?" என்று கேட்டான். அப்போது கை தூக்கிக் கேட்கலாம் என்று புதிய விதி சேர்ந்தது.

பொறுப்புகளையும் இதோடு கட்டினேன். செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஒருத்தி. அலமாரியிலிருந்து தாள் எடுத்துத் தர வக்கீல். குப்பைக் கூடைக்கு ஒருவன். ஜன்னல் கதவு தும்பிக்கு. ஒரு பொறுப்புக்கு ஒருவர்தான். இருவரிடம் கொடுத்தால் ஒருவர் மற்றவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவர்தான் என்றால் பார்க்க ஆளே இல்லை, தன் காதை நம்பித்தான் ஆக வேண்டும்.

தும்பி முதலில் கடைசிப் பகுதியை மட்டும்தான் திருப்பிச் சொன்னாள். ஜன்னலைச் சாத்தச் சொன்னால், "கொக்கியை இறக்கணும்" என்பாள். நான் சரி சொல்ல மாட்டேன். மறுபடி சொல்வேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே யோசிப்பாள். "திரையை ஒதுக்கணும். கொக்கியை இறக்கணும்." மறுபடி. "திரையை ஒதுக்கணும். கதவை இழுக்கணும். கொக்கியை இறக்கணும்." சரி. அவள் ஓடுவாள். ஒரு முழு வகுப்பே அரைகுறையாகத் திருப்பிச் சொன்னால் என் வாக்கியம்தான் நீளம் என்று எனக்கும் விளங்கத் தொடங்கியது. நாளாக நாளாக என் வாக்கியங்கள் மெலிந்தன. தொண்டை வலியும் குறைந்தது. ஒரு நாள் காலையில் தும்பி தன் ஆமைப் படத்துக்குக் கீழே பையை மாட்டிவிட்டு, டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு, வந்து உட்கார்ந்தாள். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. அன்று நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கண் பட்டுவிடும் என்று பயம்.

மாதக் கடைசியில் பெரிய மிஸ் வந்தார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். வகுப்பின் பின்மூலையை எனக்குக் காட்டினார்; அங்கிருந்து பிள்ளைகளின் முகங்கள் பக்கவாட்டில் தெரியும். போய் நின்றேன். அவர் நேராகத் தும்பியைப் பார்த்துவிட்டு, எல்லோருக்குமாகச் சொன்னார்.

"கணக்குப் புத்தகத்தை மூடி உள்ள வச்சிட்டு, ஆளுக்கொரு வெள்ளைத் தாளை எடுத்து, மேசை மேல வைங்க."

முப்பது பேரின் கைகளும் முழங்காலுக்குப் போயின. "கணக்குப் புத்தகத்தை மூடி உள்ள வைக்கணும். ஆளுக்கொரு வெள்ளைத் தாள் எடுக்கணும். மேசை மேல வைக்கணும்" என்று வகுப்பு ஒரே குரலில் சொன்னது.

பிறகு யாரும் அசையவில்லை.

பெரிய மிஸ் காத்திருந்தார். வகுப்பும் காத்திருந்தது. அப்போதுதான் என் தவறு எனக்குத் தெரிந்தது. விதியைச் சொல்லிக் கொடுத்தேன். விதி தெரியாத ஒருவர் வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கவே இல்லை. கண்ணால்கூட ஜாடை காட்டக் கூடாது என்பதும் நினைவுக்கு வந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"என்ன, சொன்னது கேக்கலையா? புத்தகத்தை உள்ள வைங்க."

"புத்தகத்தை உள்ள வைக்கணும்." அசைவில்லை.

அவர் குரல் ஒரு படி ஏறியது. "நான் சொல்றத நீங்க திருப்பிச் சொல்ல வேண்டாம். செய்யுங்க."

"நீங்க சொல்றத நாங்க திருப்பிச் சொல்லக் கூடாது. செய்யணும்" என்று முப்பது பேரும் மரியாதையாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, மீண்டும் அவரையே பார்த்தார்கள்.

பெரிய மிஸ் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு பிள்ளை கேட்கவில்லை என்று அனுப்பி வைக்க வந்தவருக்கு, இப்போது ஒரு வகுப்பே கேட்காமல் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியிருக்கும். வக்கீல் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். யாராவது ஒருவர் நகர்ந்திருந்தால்கூடப் போதும், எல்லோரும் அவரைப் பார்த்து நகர்ந்திருப்பார்கள். ஆனால் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அத்தனை கண்களும் பேசியவரின் முகத்தில் இருந்தன. பதற்றத்துக்கு நடுவிலும் அதைக் கண்டு எனக்குள் ஏதோ குளிர்ந்தது.

பெரிய மிஸ் கதவுக்குப் போய் அதில் கை வைத்தார். தும்பி கையைத் தூக்கினாள்.

"என்ன?"

"பெரிய மிஸ், நீங்க இன்னும் சரின்னு சொல்லல."

"எதுக்கு சரி சொல்லணும்?"

தும்பி எழுந்து நின்றாள். தம்பிக்குச் செருப்பு மாட்டச் சொல்லித் தரும்போது இப்படித்தான் நிற்பாளாக இருக்கும். நிதானமாகச் சொன்னாள். "நீங்க சொல்லணும். நாங்க திருப்பிச் சொல்லணும். நாங்க சொன்னத நீங்க கேக்கணும். சரியா இருந்தா சரின்னு சொல்லணும். அப்புறம்தான் கை நகரும். உங்களுக்குத் தெரியாது, அதான் சொல்றேன்."

"நானும் கேக்கணுமா?"

"ஆமா. நாங்க தப்பா சொன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெரிய மிஸ் கதவிலிருந்து கையை எடுத்தார். "அப்போ நான் முதல்ல சொன்னது என்ன, நீ மட்டும் சொல்லு."

தும்பியின் உதடுகள் சத்தமில்லாமல் ஒரு முறை அசைந்தன. "கணக்குப் புத்தகத்தை மூடி உள்ள வைக்கணும். ஆளுக்கொரு வெள்ளைத் தாள் எடுக்கணும். மேசை மேல வைக்கணும்." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா ஆளாளுக்கு எடுக்க முடியாது. தாள் அலமாரில இருக்கு. எடுத்துக் குடுக்குறது வக்கீலோட பொறுப்பு."

"அது என் பொறுப்புதான் பெரிய மிஸ்" என்றான் வக்கீல், விடாமல்.

பெரிய மிஸ் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"வக்கீல் தாள் குடுக்கட்டும். நீங்க சொன்னது சரி."

வகுப்பு நகர்ந்தது. புத்தகங்கள் மூடின, உள்ளே போயின. வக்கீல் தாள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனான். தும்பியின் மேசையில் புத்தகம் இல்லை, பென்சில் இல்லை, ஒரே ஒரு வெள்ளைத் தாள் நேராக இருந்தது. பெரிய மிஸ் குனிந்து அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அதில் ஏதோ எழுதியிருப்பது போல.

நடைக்கூடத்தில் என்னை நிறுத்தினார். "அவ இங்கயே இருக்கட்டும்."

"ரொம்ப நன்றிங்க மிஸ்."

"வெளியாள் வந்தா என்ன செய்யணும்னு சொல்லிக் குடுங்க. இல்லன்னா மந்திரி யாராவது வந்து நாள் பூரா நின்னுட்டு இருப்பாரு." நடக்கத் தொடங்கியவர் நின்றார். "இந்தப் பள்ளிக்கூடத்துல நான் தினமும் எவ்வளவு சொல்றேன். அதுல எவ்வளவு போய்ச் சேருதுன்னு ஒரு நாளும் கேட்டுப் பாத்ததில்ல. அந்தப் பொண்ணுக்கு என் சார்பா ஒரு நன்றி சொல்லிடுங்க. நானே சொன்னா பயந்துக்கும்."

மாலையில் தும்பியின் அம்மா வந்தார். மகனை அவன் வகுப்பிலிருந்து அழைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். என் வாயிலிருந்து கெட்ட செய்தி வந்தால் தாங்கிக்கொள்வதற்காகவோ என்னவோ, கதவின் நிலையை ஒரு கையால் பிடித்திருந்தார்.

"நாளைக்கும் இதே வகுப்புக்குத்தான் அனுப்பணும்" என்றேன்.

அவர் உள்ளே வந்து, பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால்கள் நெஞ்சுவரை வந்தன. தலைப்பால் முகத்தைத் துடைத்தார். கன்னத்தில் லென்ஸ் தூள் கோடாக நின்றது.

"வீட்டுல ஒரு வாரமா என்னப் படுத்துறா மிஸ்" என்றார் பிறகு. "தண்ணி கேட்டா, முதல்ல நான் திருப்பிச் சொல்லணுமாம். தண்ணி வேணும், சூடா வேணாம், சின்ன டம்ளர்ல வேணும். நான் சொல்லலன்னா அவ சரின்னு சொல்ல மாட்டா. நான் எழுந்திருக்கவும் கூடாது."

"உங்களுக்குக் கோபம் வரலியா?"

"வந்துது. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். அவ ரொம்ப நாளாவே சின்ன டம்ளர்னு சொல்லிட்டுத்தான் இருந்திருக்கா. நான் தண்ணின்னு கேட்டதோட எழுந்து போயிருக்கேன்." எழுந்தார். என் கையைப் பிடித்தார். "எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல மிஸ்."

அது நான் சொல்ல வேண்டியது என்று அவரிடம் சொன்னேன். பணிவுக்காக என்று எடுத்துக்கொண்டிருப்பார். அப்படியில்லை. மற்றவர்களைப் பார்த்துச் செய்யும் சாமர்த்தியம் தும்பிக்கும் இருந்திருந்தால், என் வகுப்பு நன்றாகக் கேட்கிறது என்று நம்பிக்கொண்டே நான் இன்னும் எத்தனையோ வருஷம் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

வெளியே தும்பி படியில் உட்கார்ந்து தம்பியின் பை வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வார் முறுக்கிக்கொண்டால் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் வேறு பக்கம் திருப்பினான். அவள் பொறுமையாக மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.